சேற்றுப்பார்க் கல்

எங்கள் பக்கத்தில் கல் கிடையாது. கடல் மணல் உண்டு, கிளிஞ்சல் உண்டு, ஏரியில் இறங்கினால் முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும் சேறு வேண்டிய மட்டும் உண்டு. நாயை விரட்ட ஒரு கல் வேண்டுமென்றால் தார் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். ஊருக்குள் இருக்கிற கல் எல்லாம் லாரியில் வந்த கல். அதனால் பூவரசன் கடலோடு போன அன்று வலையில் ஒரு கல் வந்தது என்று தெரிந்ததும், துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்லைப் பார்க்க வந்தவர்கள்தான். எங்கள் ஜனங்களைச் சொல்லிக் குற்றமில்லை. உடம்பு கிடைத்திருந்தால் உடம்பைப் பார்த்திருப்பார்கள்.

இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற கல். ஈரத்தில் கறுப்பாக இருந்தது, காயக் காயச் சாம்பல் நிறமானது. ஒரு பக்கம் புதிதாக உடைந்திருந்தது. உடைப்பில் பார்த்தால் மெல்லிய கோடுகளாக அடுக்குகள் தெரிந்தன. நகத்தால் கீறினால் மாவு உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஏரிச் சேற்றின் வாசனை. அந்த உடைந்த பக்கத்தில் கத்தி பட்ட தழும்புகள் இருந்தன. அது பூவரசனின் கத்தி. அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்கள்.

பூவரசனின் அண்ணன் லோகநாதன் அந்தக் கல்லைக் கூரைக்கடியில், சுருட்டிப் போட்ட வலையின் மேல் வைத்திருந்தான். யாரும் கேட்காமலே நடந்ததைச் சொல்வான். கேட்டால் சொல்லமாட்டான்.

நடந்தது இதுதான். கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே, கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு கிடக்கிறது. பாறைத் திட்டை எங்களவர்கள் பார் என்பார்கள். மற்றப் பார்களில் மாட்டிய வலையின் ஈயக்குண்டு நசுங்கி வரும், இதில் மாட்டினால் சேறு அப்பிக்கொண்டு வரும். அதனால் இதற்குச் சேற்றுப்பார் என்று பெயர். அதன் ஓரத்தில் வலை விட்டால் சங்கரா மீன் வாரிக்கொண்டு வரும். அதன் மேலேயே விட்டால் வலை போச்சு. எது ஓரம், எது மேல் என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது, கரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பனங்கூட்டம் நின்றது. அதற்குப் பின்னால் தூரத்தில் கரண்டு தயாரிக்கிற இடத்தின் புகைபோக்கி. பனையும் புகைபோக்கியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பார் காலடியில் இருக்கிறது என்று அர்த்தம். பனை கொஞ்சம் கிழக்கே விலகித் தெரிந்தால் ஓரத்துக்கு வந்தாயிற்று, தைரியமாக வலை விடலாம்.

பனைகள் போய்ப் பல வருஷமாகிறது. அங்கே துறைமுகம் வந்தது, கிரேன்கள் நின்றன. லோகநாதன் மாதிரி ஆட்கள் வாய் வலிக்கத் திட்டிவிட்டு, கடைசியில் கிரேனையே பனையாக வைத்துக்கொண்டார்கள். கோடியில் ஒரு கிரேன் எந்நாளும் ஒரே இடத்தில் சும்மா நின்றது. அது நின்றவரைக்கும் அடையாளம் பிசகவில்லை. ஆனால் பனைக்கு வேர் இருந்தது, கிரேனுக்குச் சக்கரம் இருக்கிறது. அதற்கு வேலை வந்த அன்று அது தண்டவாளத்தில் நகர்ந்து போய்விட்டது. கடலில் இருக்கிறவனுக்கு யார் வந்து சொல்வார்கள்?

அன்று மாசிப் பனி இன்னும் கலையவில்லை. போட்டில் அண்ணன் தம்பி இருவரும், அடுத்த வீட்டு ஸ்டீபனும் இருந்தார்கள்.

"அண்ணா, ஃபோன்ல ஒரு தபா பாத்துக்கலாமா? பார் எங்க கீதுன்னு புள்ளி போட்டு வெச்சிக்கிறேன்" என்றான் பூவரசன்.

"உன் ஃபோனு உப்புத்தண்ணி பட்டா செத்துப்பூடும். தோ, கிரேன் தெரியுது பாரு. கிழக்கால நவுந்து கீது. ஓரத்துலதான் கீறோம். வுடு வலைய."

தம்பி அண்ணன் பேச்சைத் தட்டுகிறவன் இல்லை. வலையை விட்டான். இழுக்கும்போது வலை வரவில்லை.

"மாட்டிக்கிச்சுண்ணா. அறுத்துடலாமா?" என்று ஸ்டீபன் கேட்டான்.

"புது வலைடா" என்றான் லோகநாதன். அறு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பூவரசன் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்புக் கயிற்றில் கத்தியைச் செருகினான். "இன்னாத்துக்கு அறுக்கறது? பக்கோடா மாரி உடையிற கல்லு. நாலு குத்து குத்துனா வுட்டுட்டு வந்துடும்" என்று சிரித்தான். இறங்கினான். ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கி, "ஒரு எடம்தான் பாக்கி, இழுக்க ரெடியா இருங்க" என்றான். மறுபடி இறங்கினான். கொஞ்ச நேரத்தில் வலை கையில் தளர்ந்தது. இருவரும் மாய்ந்து மாய்ந்து இழுத்தார்கள். வலை வந்தது. வலையில் சிக்கிக்கொண்டு அந்தக் கல் வந்தது. அவன் வரவில்லை.

ஊர்ப் படகு ஒன்றுகூட அதன்பிறகு தொழிலுக்குப் போகவில்லை. எல்லாம் அவனைத் தேடிப் போயின. வடக்கே ஆந்திரக் கரை வரைக்கும் சொல்லி அனுப்பினார்கள். தேடிப் போனவர்கள் கரையேறும்போது பெண்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு மணலைப் பார்ப்பார்கள்.

பூவரசனின் பெண்டாட்டி அமுதவல்லி மட்டும் கரைக்கு வரவில்லை. அவள் வீட்டில் மடவை மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு மடவை பிடிக்கும், மாங்காய் போட்டு வைக்க வேண்டும். தினமும் வைத்தாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். ஸ்டீபன் வீட்டிலிருந்து ரோசி ரசச் சோறு கொண்டுவந்தால் படியிலேயே மீன் குழம்பு வாசனை வந்து எதிர்கொள்ளும். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவாள்.

மாமியார் வேலம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

"ஏன் அமுதா, சாவு வூட்ல மீன் கொழம்பு வாசன வந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"சாவு வூடுன்னு யாரு சொன்னது அத்தே?"

"யாரும் சொல்லணுமா? ஊரே தேடிட்டு வந்துட்ச்சே."

"தேடுனாங்க, கெடைக்கல. கெடைக்காதவரு வந்தார்னா இன்னாத்தப் போடுவேன்? ரசமா?"

நெற்றியில் பொட்டு, தலையில் காலையில் வைத்த கனகாம்பரம், கழுத்தில் தாலி, எதையும் அவள் எடுக்கவில்லை. லோகநாதனோடு பேசவில்லை. அவன் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுவாள். "மாமா, மாமா" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவள். இரவு தட்டு வைத்துக் காத்திருப்பாள், காலையில் குழம்பை வேலியோரம் ஊற்றுவாள். அந்த மாசியில் எங்கள் ஊர்ப் பூனைகள் கொழுத்துப் போயின. இதைச் சொல்லும்போது சிலர் சிரித்ததும் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி மகம் நெருங்கியது. அன்று அம்மன் கடலாட வருவாள். ஊரில் தீட்டு இருக்கக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் லோகநாதனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். உடம்பு கிடைக்கவில்லை என்றால் கல்லை நட்டுக் காரியத்தை முடித்துவிடு, எத்தனை பேர் வயிறு காத்துக்கிடக்கும் என்றார்கள். எங்களுக்குள் அது உண்டு. இறந்தவரை ஒரு கல்லில் வரவழைத்து, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் வைத்து, காரியத்தன்று தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். உடம்பு கிடைத்தவர்களுக்கே கல் வேண்டும். கிடைக்காதவனுக்குக் கல்தான் எல்லாம்.

"எந்தக் கல்ல நடறது?" என்று லோகநாதன் கேட்டான்.

வேலம்மா வலை மேலிருந்ததைக் காட்டினாள். "வேற எந்தக் கல்லு? என் புள்ள கையால உடைச்சி அனுப்பன கல்லு. அவன் அங்கதான் கீறான்."

அப்போது ஸ்டீபனும் அங்கே இருந்தான். மீன்பாடு இல்லாத வருஷத்தில் துறைமுகத்துக்கு மண் பரிசோதனை செய்ய வந்தவர்களிடம் துளை போடுகிற கூலி வேலைக்குப் போனவன்.

"பெரியம்மா, அது நிக்காது" என்றான்.

"இன்னா நிக்காது?"

"அது சேறு, பெரியம்மா. சேறு கல்லானது. ஆரணி ஆத்துல வெள்ளம் வந்தா கலங்கலா ஒரு வண்டல் வருதுல்ல, மாவு மாரி? அந்த மாரி வண்டல் கடலடியில படிஞ்சி, அதும்மேல இன்னொன்னு படிஞ்சி, மேல மேல பாரம் ஏறி இறுகிக்கினது. நம்ம மனுசாளு பொறக்கறதுக்கெல்லாம் முன்னாடி. எஞ்சினியரு சில்ட் ஸ்டோனும்பாரு. கீழேந்து குழாயில எட்த்து பொட்டியில அடுக்கி வெப்போம். ஒரு தபா மூடாம வுட்டுட்டோம், காஞ்சி கெடந்தது. அப்புறம் ஒரு மழை. காலையில பாத்தா பொட்டி நெறைய சேறு. இன்னா திட்டு திட்டனாரு எங்கள!"

"இத்தினி நாளு கடல்ல கெடந்துச்சே, கரையலியே?" என்றாள் லோகநாதனின் பெண்டாட்டி மாலா.

"அங்கியே கெடந்தா ஒன்னியும் ஆவாதுக்கா. மேல வந்து காஞ்சிட்டு, மறுபடி தண்ணி பட்டாத்தான் பொலபொலன்னு பூடும்."

வேலம்மா அவனையே பார்த்தாள். "அப்ப, என் புள்ள மேல நான் தண்ணி ஊத்தக்கூடாதுன்றியா ஸ்டீபா?"

ஸ்டீபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழி தோண்டக் கடப்பாரை எடுத்துவரப் போனான்.

வீட்டுக்குப் பின்னால், ஏரிப்பக்கம், ஓலை சாய்த்து ஒரு சின்னக் கொட்டகை போட்டார்கள். அதனடியில் கல்லை நட்டார்கள். மஞ்சள் துணி சுற்றினார்கள். உறவுப் பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் ஊற்றி அழுதார்கள். முதல் செம்பு பெண்டாட்டியுடையது. அமுதவல்லி வரவில்லை. மாலா போய்க் கூப்பிட்டாள்.

"நீங்க யாருக்கோ கல்லு நடறீங்க. நடுங்க. எனக்கு அடுப்புல வேல கீது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் கல்லின் தோள் உதிர்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு அடுக்கு அப்படியே பெயர்ந்து விழுந்தது, அப்பளம் போல. கீழே மஞ்சள் துணி சேறாகிவிட்டது. வேலம்மா நடுங்கிப்போனாள். கல் மூளியானால் போனவனுக்குக் கரை கிடைக்காது என்று அவளுக்குப் பயம். தண்ணீர் ஊற்ற வந்தவர்களிடம், "மெள்ள ஊத்துங்கம்மா, மெள்ள. சும்மா நனைச்சா போதும்" என்று கெஞ்சினாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

லோகநாதன் வலை பின்னுகிற ஊசியை எடுத்துவந்தான். கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெல்லிய நைலான் நூலால் அதைச் சுற்றி ஒரு சின்ன வலை பின்ன ஆரம்பித்தான். சுண்டுவிரல் நுழையாத கண்ணி. ஒவ்வொரு முடிச்சையும் கல் நோகாமல் இறுக்கினான். பனி இறங்கி வெயில் ஏறி, அந்த வெயிலும் சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மாலா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று.

"பிரிஞ்சி வுழாம இது புடிச்சிக்கும்மா" என்றான் வேலம்மாவிடம். அவன் பின்னிய வலைகளிலேயே அதுதான் நேர்த்தியான வலை என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் அவன் அழுதுவிடுவான் என்று சொல்லவில்லை.

வலைக்குள்ளும் கல் கரைந்துகொண்டுதான் இருந்தது. காரியத்துக்கு முந்தின நாள் பார்த்தால், கொய்யாப்பழம் அளவுக்கு ஒரு மொத்தை மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் கண்ணி வழியாகக் கசிந்து குழியில் சேறாகத் தேங்கி நின்றது. நாளைக் காலையில் எதைத் தண்ணீரில் விடுவது?

மாலா நல்லவள். யோசிக்காமல் செய்துவிடுவாள், அது ஒன்றுதான். மத்தியானம் வேலம்மாவும் லோகநாதனும் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். எடுத்து வைத்தாள். கருநீலக் கருங்கல். கடலரிப்புக்குப் போட லாரியில் கொண்டுவந்து கொட்டியிருந்த குவியலிலிருந்து எடுத்தது. மழுங்காத விளிம்பும் பளபளப்புமாக, ஒரு யுகத்துக்கும் கரையாத கல்.

"அத்தே, ஊரு ஆளுங்க காலையிலதான் வருவாங்க. அத்த எட்த்துட்டு இத்த வெச்சி துணி சுத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இன்னா தப்பு? கல்லுதான?"

வேலம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. லோகநாதன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மாலா குனிந்து, வலைக்குள் இருந்த மொத்தையை எடுக்கக் கையை நீட்டினாள்.

"கைய எடுக்கா."

அமுதவல்லி பின்வாசற்படியில் நின்றாள். கையில் குழம்புக் கரண்டி. கொட்டகைக்கு அவள் வந்தது அதுதான் முதல்முறை.

"இல்ல அமுதா, நல்லதுக்குத்தான்..."

"இது எங்கேந்து வந்த கல்லு?" கரண்டியால் கருங்கல்லைக் காட்டினாள். "எந்த மலையில உடைச்சது? எந்த லாரியில வந்தது? எங்கூட்டுக்காரரு இத்தத் தொட்டாரா? அவரு கத்தி இதும்மேல பட்டுச்சா? அங்க மூச்சு முட்ட முட்ட அவரு குத்தி உடைச்சது அந்தக் கல்லு. அது கரைஞ்சா கரைஞ்சிட்டுப் போவட்டும். எங்கூட்டுக்காரரு சாவுக்கு எவன் ஊட்டு கல்லையோ வெப்பீங்களா?"

சொல்லி முடித்தபிறகுதான் அவள் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே கேட்டது. அங்கே இருந்த மூவருக்கும் கேட்டது. உள்ளே அடுப்பில் குழம்பு கொதித்துத் தீய்ந்து வாசனை வந்தது. அதை இறக்க ஒருவரும் போகவில்லை. அமுதவல்லி கரண்டியைக் கீழே போட்டாள். அந்தக் குழிக்கு முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அழாதவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. ஏரியின் மறுகரை வரைக்கும் கேட்டது, ரோசி ஓடிவந்தாள், அவ்வளவு போதும்.

மாலாதான் அழுதுகொண்டே கருங்கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் போட்டாள்.

சாயங்காலம் அமுதவல்லி குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துவந்தாள். லோகநாதன் பின்னிய வலையைத் தன் கையாலேயே ஓரமாகக் கிழித்து, மொத்தையை வெளியே எடுத்துக் குழியில் வைத்தாள். "மெள்ள" என்று வேலம்மாவின் வாய் தானாகச் சொன்னது. அமுதவல்லி மெள்ளத்தான் ஊற்றினாள். ஆனால் குடம் முழுவதும் ஊற்றினாள். கத்தித் தழும்பு இருந்த பக்கம் கடைசியில் கரைந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தடவ ஒன்றும் இல்லை, சேறு மட்டும் இருந்தது. அவள் அந்தச் சேற்றை ஒரு துளி விடாமல் வழித்து, மடவைக் குழம்பு வைக்கிற அலுமினியச் சட்டியைக் கழுவி அதில் சேர்த்தாள்.

காலையில் முகத்துவாரத்துக்குப் போனோம். வத்தம் ஆரம்பித்திருந்தது, ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள். தாலியை அவிழ்க்க இரண்டு பெண்கள் வந்தபோது, "நானே எடுக்கறேன்" என்று எடுத்துக் கொடுத்தாள். கல்லை விடவேண்டிய நேரத்தில் லோகநாதன் சட்டியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் தானே இறங்கினாள். அவன் பக்கத்தில் இறங்கினான்.

கல்லாக இருந்தால் கையை விட்டதும் மூழ்கிவிடும். ஒரு சின்னச் சத்தம், திரும்பிக்கொண்டு வந்துவிடலாம். அப்படித்தான் எல்லாச் சாவிலும் பார்த்திருக்கிறேன். இது மூழ்கவில்லை. சட்டியைக் கவிழ்த்ததும் தண்ணீரில் பாலாடை மாதிரி விரிந்தது. சாம்பலாக, பாய் அளவுக்கு அகன்று, அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வத்தத்தின் இழுப்பில் மெதுவாக நகர ஆரம்பித்தது.

"திரும்பிடுங்க. பாக்கக்கூடாது" என்று பெரியவர் ஒருவர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

அமுதவல்லி திரும்பவில்லை. லோகநாதன் அவளைப் பார்த்தான், அவனும் திரும்பவில்லை. வேலம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பினாள், இரண்டடி நடந்தாள், பிறகு முந்தானையை விலக்கிவிட்டு அவளும் பார்த்தாள். கலங்கல் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டி, அலை உடைகிற இடத்தில் ஒருமுறை புரண்டு, அந்தப்பக்கம் போயிற்று. தெற்கே வெகுதூரத்தில் கிரேன் ஒன்று தண்டவாளத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றாள் அமுதவல்லி.

லோகநாதன் திடுக்கிட்டான். அந்தக் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டு அவனுக்கு எத்தனை நாளாயிற்று.

"இது பாருக்குப் போய்ச் சேருமா?"

அவன் தெற்கே பார்க்கவில்லை. குனிந்து தண்ணீரில் கையை விட்டு இழுப்பைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக் கன்னத்தில் காற்றை வாங்கினான். வாய் கோணிக்கொண்டு வந்ததை அடக்கினான்.

"தண்ணி வடக்கால இழுக்குது. காத்து கொறைவு. பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேந்துடும்மா."

"இந்தத் தபா தப்பாதே?"

"தப்பாது" என்றான் லோகநாதன்.

அவள் சட்டியைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு கரையேறினாள். அவன் பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீரிலேயே நின்றான்.